புள்ளி வைத்த நாற்பது

நாற்பதை எழுதச் சொன்னால் ஒருவர் 40 என்று எழுதுவார். இன்னொருவர் 40.0 என்பார். மூன்றாமவர் சோம்பல்பட்டு 40-க்குப் பின்னால் வெறும் புள்ளி ஒன்றை வைத்துவிட்டுப் போவார். எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் மூவருக்கும் ஒரே மதிப்பெண்தான் போடுவார். கடைக்காரரின் கால்குலேட்டரும் மூன்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்.

இதே நாற்பதை ஒரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ உதிரிபாகம் கடையும் பட்டறைக்குள் கொண்டுபோய், கணினி ஓட்டும் லேத் மெஷினிடம் சொல்லிப் பாருங்கள். புள்ளி வைத்த நாற்பது அதற்கு நாற்பது மில்லிமீட்டர். புள்ளி வைக்காத நாற்பது, பல மெஷின்களில், நாற்பது மைக்ரான். மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் அதில் நாற்பது கூறு. தலைமுடியின் பருமன்கூடத் தேறாது. ஒரு புள்ளி விடுபட்டதற்கு ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

கணினியோடு மல்லுக்கட்டிய எவருக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும். ஒரு காற்புள்ளி, ஓர் இடைவெளி, ஒரு புள்ளி. இதற்குப் போய் இவ்வளவு பிடிவாதமா? மனிதருக்குப் புரிவது மெஷினுக்கு ஏன் புரிவதில்லை? லேத் மெஷினைப் பார்த்தால் இந்தக் கேள்வியைத் திருப்பிப் போடத் தோன்றும். புள்ளி விடுபட்டபோது அது முரண்டு பிடித்திருந்தால் யாருக்கும் நட்டமில்லை. மறுபேச்சுப் பேசாமல் வேறொன்றைப் புரிந்துகொண்டு வேலையைத் தொடங்கிவிட்டதே, வம்பு அங்கேதான்.

இரும்போடு பேசும் மொழி

ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியும், அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகும் சாலையில் ஒரகடத்தைச் சுற்றியும் கால் நூற்றாண்டில் எழுந்த தொழிற்சாலைகளின் பெயர்கள் நமக்குப் பழக்கமானவை. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாயின் சாண்ட்ரோ கார் வந்தது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான், 2012-இல் டைம்லரின் பாரத்பென்ஸ் லாரி, 2013-இல் ராயல் என்ஃபீல்டு. இந்தப் பெரிய பெயர்களுக்குப் பின்னால், சிப்காட் வளாகங்களிலும் அவற்றை ஒட்டிய ஊர்களிலும் சின்னதும் நடுத்தரமுமான பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. பின், புஷ், ஷாஃப்ட், ஃபிளேஞ்ச் என்று வண்டிக்கு வேண்டிய உருண்டைச் சாமான்களைக் கடைந்து தருவது அவர்கள் வேலை. ஐடிஐ அல்லது டிப்ளமோ முடித்து வரும் பிள்ளைகள் அங்கே முதலில் கற்றுக்கொள்ளும் கணினி மொழி ஜாவாவும் இல்லை, பைத்தானும் இல்லை. ஜி-கோட்.

ஜி-கோட் அதிகம் பேசாத மொழி. ஒரு வரி, ஒரு கட்டளை. ஒவ்வொரு சொல்லும் ஓர் ஆங்கில எழுத்தில் தொடங்கி ஓர் எண்ணில் முடியும். ஜி என்றால் எப்படி நகர்வது. எக்ஸ், இசட் என்றால் எங்கே நகர்வது. எஃப் என்றால் எவ்வளவு வேகமாக அறுத்துக்கொண்டு போவது. எம் என்றால் சுழற்று, நிறுத்து, கூலன்ட் திற என்பது போன்ற சில்லறை வேலைகள். திரையில் இவை ஆங்கில எழுத்தாகத்தான் இருக்கும். இங்கே வாயால் படிக்கிறபடி எழுதுகிறேன்.

எந்தக் குறி எங்கே வரலாம், எது எதற்குப் பின் வர வேண்டும், விட்டுவிட்டால் என்ன பொருள் என்று வகுக்கும் இலக்கணத்துக்குத் ‘தொடரியல்’ என்று பெயர். மனித மொழியின் தொடரியல் பேசிப் பேசித் தானாக விளைந்தது. கணினி மொழியின் தொடரியலை யாரோ சிலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்தார்கள். ஆகவே ஒவ்வொரு விதியையும் பார்த்து ‘ஏன் இப்படி?’ என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இரண்டே வரி

42 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டைக் கம்பி ஒன்று மெஷினின் பிடியான சக்கில் இறுகிச் சுழல்கிறது. அதன் முனையிலிருந்து 30 மில்லிமீட்டர் நீளத்துக்கு விட்டத்தை 40 ஆகக் குறைக்க வேண்டும். அதாவது சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் தோலை உரிக்க வேண்டும். இதற்கு இரண்டு வரி போதும்:

ஜி00 எக்ஸ்40. இசட்2.
ஜி01 இசட்-30. எஃப்0.2

கம்பியின் முகப்புதான் இசட் பூஜ்யம். அதற்கு வெளியே காற்றில் இருப்பதெல்லாம் கூட்டல், கம்பிக்குள் போவதெல்லாம் கழித்தல். எக்ஸ் என்பது விட்டம். முதல் வரியில் ஜி00: டூலை அறுக்காமல், மெஷினின் முழு வேகத்தில், கம்பி முகப்புக்கு 2 மில்லிமீட்டர் முன்னால், 40 விட்டத்துக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்து. இரண்டாம் வரியில் ஜி01: அங்கிருந்து நேர்கோட்டில், ஒரு சுற்றுக்கு 0.2 மில்லிமீட்டர் வீதம் அறுத்தபடி, முகப்பிலிருந்து 30 மில்லிமீட்டர் உள்ளே போ. மொத்தப் பயணம் 32 மில்லிமீட்டர், அதாவது 160 சுற்று. நிமிடத்துக்கு 1,000 சுற்று ஓடினால் பத்து விநாடிக்குள் வேலை முடிந்துவிடும்.

இரண்டாம் வரியில் எக்ஸ் வரவில்லை. சொல்லாவிட்டால் பழைய இடமே என்று பொருள். ஜி01-உம் அப்படித்தான்: ஒருமுறை சொன்னால் போதும், வேறு ஜி வந்து மாற்றும் வரை அது செல்லும். சொன்னதைத் திரும்பச் சொல்ல வைக்காத மொழி இது.

மூன்று புள்ளி, மூன்று கதை

இனி புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில் இரண்டாம் வரியில் இசட்-30-க்குப் பின் உள்ள புள்ளியை விடுவோம். மெஷின் அதை 0.030 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளும். டூல் கம்பியின் ஓரத்தை லேசாகச் சுரண்டிவிட்டு நின்றுவிடும். ஆபரேட்டர் ஜாபைக் கையில் எடுத்த உடனே தப்பு தெரிந்துவிடும். சேதம் எதுவும் இல்லை.

அடுத்து முதல் வரியில் இசட்2-இன் புள்ளி. இப்போது டூல் முகப்புக்கு 2 மில்லிமீட்டர் முன்னால் நிற்காது; 0.002 மில்லிமீட்டர், அதாவது 2 மைக்ரான் முன்னால் நிற்கப் போகும். அதுவும் முழு வேகத்தில். ரம்பத்தில் அறுத்து வந்த கம்பியின் முகம் அவ்வளவு சமமாக இருக்காது. ஒரு ஜாபில் ஒன்றும் ஆகாது. அடுத்த ஜாபில் டூலின் நுனி பெயரும். எப்போதோ ஒருமுறை மட்டும் தலைகாட்டும் இப்படிப்பட்ட தப்பைப் பிடிப்பதுதான் கடினம்.

மூன்றாவது, எக்ஸ்40-இன் புள்ளி. டூல் 40 விட்டத்துக்குப் போகாமல் 0.040 விட்டத்துக்கு, கிட்டத்தட்டக் கம்பியின் நட்ட நடு அச்சுக்கு இறங்கும். முகப்புக்கு 2 மில்லிமீட்டர் முன்னால் காற்றில்தான் இறங்குகிறது என்பதால் அதுவரை சத்தமே வராது. அடுத்த வரியில் கம்பிக்குள் நுழையும். ஒரு மில்லிமீட்டர் தோல் உரிக்க வந்த இன்செர்ட் (டூலின் அறுக்கும் முனை), இருபது மில்லிமீட்டருக்கு மேல் தடித்த இரும்புச் சுவரில் போய் மோதும். இன்செர்ட் உடையும். ஹோல்டர் வளையலாம். அடி பலமாக இருந்தால் டூல்களைத் தாங்கும் டரட் தன் இடத்தைவிட்டு இம்மி விலகலாம். அப்புறம் மெஷினை மறுபடி நேர்செய்யும்வரை உற்பத்தி இல்லை.

இரண்டாம் வரியின் எஃப்0.2 என்பதிலும் ஒரு புள்ளி இருக்கிறது. அதை யாரும் மறப்பதில்லை, ஏனென்றால் அதற்குப் பின்னால் ஓர் இலக்கம் காத்திருக்கிறது. எக்ஸ்40. என்பதில் உள்ள புள்ளிக்குப் பின்னால் ஒன்றுமில்லை. வேலை முடிந்த இடத்தில் நிற்கும் குறியைக் கை தானாக விட்டுவிடும். மனிதக் கை எளிதில் நழுவவிடும் இடத்திலேயே இந்தத் தொடரியல் ஆயிரம் மடங்கு எடையைத் தூக்கி வைத்திருக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பட்டறைகளில் பரவலாகக் காணப்படும் ஜப்பானிய ஃபானுக் கட்டுப்பாட்டுக் கருவியில், டூல் எண்ணைப் போலப் புள்ளி வரக்கூடாத இடத்தில் புள்ளி வைத்தால் உடனே 007 என்ற அலாரம் அடித்து நின்றுவிடும். புள்ளியைத் தப்பாகப் பயன்படுத்திவிட்டாய் என்பது அதன் குற்றச்சாட்டு. வேண்டாத புள்ளிக்குக் கூச்சல் போடும் மெஷின், வேண்டிய புள்ளி இல்லாதபோது வாய் திறப்பதில்லை.

காகித நாடாவின் சிக்கனம்

இப்படி ஒரு விதியை யார் யோசித்திருப்பார்கள்? உண்மையில் யாரும் இதைத் தனியாக உட்கார்ந்து யோசிக்கவில்லை. இரண்டு காலங்கள் ஒன்றின் மேல் ஒன்று படிந்ததில் விளைந்தது இது.

ஹெலிகாப்டர் இறக்கைகளின் வளைவைத் துல்லியமாக அறுக்க வழி தேடிய அமெரிக்கர் ஜான் பார்சன்ஸின் யோசனையிலிருந்து தொடங்கி, விமானப்படையின் பணத்தில், எம்ஐடி பல்கலைக்கழகம் 1952-இல் எண்களால் ஓடும் மில்லிங் மெஷினைச் செய்து காட்டியது. அந்த மெஷின் கட்டளைகளைத் துளையிட்ட நாடாவிலிருந்து படித்தது. பிற்பாடு தொழில் முழுவதும் பரவிய தாள் நாடா ஓர் அங்குல அகலம் கொண்டது; ஓர் அங்குல நீளத்தில் பத்து எழுத்து. நீளமான புரோகிராம் என்றால் நாடா மீட்டர் கணக்கில் ஓடும். எழுத்து கூடக் கூட நாடா நீளும், படிக்கும் நேரம் கூடும், கிழியும் வாய்ப்பும் கூடும். சொன்னதைத் திரும்பச் சொல்ல வைக்காத அந்தப் பழக்கம் இங்கிருந்து வந்ததுதான்.

அன்றைய மின்சுற்றுக்கு மில்லிமீட்டர் தெரியாது. அதற்குத் தெரிந்தது துடிப்புகளை எண்ணுவது மட்டும். ஒரு துடிப்புக்கு ஒரு மிகச்சிறு நகர்வு. நகர்வு ஒரு மைக்ரான் என்றால், 40 மில்லிமீட்டருக்கு 40000 துடிப்பு. எண்ணுகிறவனுக்குப் புள்ளி எதற்கு? ஆகவே நாடாவில் புள்ளியே கிடையாது. இலக்கங்கள் எந்த இடத்தில் நிற்கின்றன என்பதே மதிப்பைச் சொல்லும்.

சிக்கனம் அத்தோடு நிற்கவில்லை. மில்லிமீட்டருக்கு மூன்று இலக்கம், பின்னத்துக்கு மூன்று இலக்கம் என்று ஆறு இடம் ஒதுக்கினால் நாற்பது 040000 ஆகும். இதில் பூஜ்யங்கள் எதற்கு? சில மெஷின்கள் முன்பூஜ்யத்தை விடச் சொல்லின: 40000. சில மெஷின்கள் பின்பூஜ்யங்களை விடச் சொல்லின: 04. இரண்டாவது வகை மெஷினுக்கு எழுதிய 04-ஐ முதல் வகை மெஷின் படித்தால் அது நாற்பது அல்ல, 0.004 மில்லிமீட்டர். பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். நாடாவைப் பார்த்து எது எந்த வகை என்று சொல்ல முடியாது.

கணினிச் சில்லுகள் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் வந்த பிறகுதான் புள்ளி வைத்து எழுதும் வசதி வந்தது. அப்போது உலகம் முழுக்கப் புள்ளியில்லாத நாடாக்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை ஒரே நாளில் செல்லாததாக்க எந்த உற்பத்தியாளரும் துணியமாட்டார். ஆகவே சமரசம்: புள்ளி இருந்தால் புது வழக்கப்படி மில்லிமீட்டர், புள்ளி இல்லாவிட்டால் பழைய வழக்கப்படி மிகச்சிறு அலகு. பழையவர் யாருக்கும் பாதகமில்லை. புதிதாக வந்தவர்தான் இரண்டு காலங்களுக்கும் சேர்த்து எச்சரிக்கையாக இருக்க வேண்டியதாயிற்று.

இதே சந்ததி ஸ்ரீபெரும்புதூரின் மறுபக்கத்திலும் இருக்கிறது. சுங்குவார்சத்திரத்தில் பாக்ஸ்கான் ஆலையில் பூட்டப்படும் கைப்பேசி போன்ற எந்த மின்னணுச் சாதனத்துக்குள்ளும் ஒரு சுற்றுப்பலகை உண்டு. அப்பலகைகளின் வரைபடத்தை வடிவமைப்பாளரிடமிருந்து பலகை செய்பவரிடம் கொண்டுபோக உலகெங்கும் பரவலாகப் பயன்படும் கெர்பர் கோப்பு, ஜி-கோட் குடும்பத்தில் பிறந்ததுதான். அதன் பழைய வடிவத்திலும் எண்களுக்குப் புள்ளி இல்லை. முன்பூஜ்யம் விட்டதா, பின்பூஜ்யம் விட்டதா, பின்னத்துக்கு எத்தனை இலக்கம் என்பதைத் தனியே சொல்லியனுப்ப வேண்டும். சொல்ல மறந்தால் கோப்பைப் பெறுபவர் ஊகிக்க வேண்டும். பின்னர் வந்த விரிவாக்கம், கோப்பின் தலையிலேயே ஒரு வரி எழுதச் சொன்னது: முன்பூஜ்யங்கள் நீக்கப்பட்டன, முழு எண்ணுக்கு நான்கு இடம், பின்னத்துக்கு ஆறு இடம். புள்ளி அப்போதும் வரவில்லை. ஆனால் எப்படிப் படிப்பது என்பது எழுத்தோடு சேர்ந்தே பயணம் செய்தது. ஊகிக்கும் வேலை ஒழிந்தது.

ஓலையில் விடுபட்ட புள்ளி

புள்ளியை விட்டு எழுதுவது நமக்கும் புதிதல்ல. தொல்காப்பியம் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கச் சொல்கிறது. எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளியே அடையாளம். ஆனால் பனையோலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதால் ஏடெழுதியவர்கள் அதை விட்டுவிட்டார்கள் என்பார்கள். விளைவு: ஏட்டில் கொல், கோல், கொல, கோல எல்லாம் ஒரே தோற்றத்தில் நிற்கும். ஏடுகளை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் போன்றவர்களின் உழைப்பில் ஒரு பங்கு, இல்லாத புள்ளிகளை இடத்துக்கு ஏற்ப வைத்துப் படித்ததில் போயிற்று.

அவர்களால் அது முடிந்தது. ‘கொல்’ பொருந்தாத இடத்தில் ‘கோல்’ பொருந்தும் என்று செய்யுளின் யாப்பும் பொருளும் காட்டிக்கொடுத்தன. லேத் மெஷினுக்கு அப்படி ஒரு துணை இல்லை. 40 மில்லிமீட்டரும் 40 மைக்ரானும் அதற்குச் சமமாகப் பொருத்தமானவை. இரண்டும் அது போகக்கூடிய இடங்கள்தாம். சக்கில் இருப்பது 42 மில்லிமீட்டர் கம்பி என்பதுகூட அதற்குத் தெரியாது.

18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் இதற்குக் கண்ட தீர்வு, கணினி மொழி வகுப்பவர்கள் எவரும் படிக்க வேண்டியது. ‘புள்ளியை மறக்காதே’ என்று அவர் புலவர்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கவில்லை. குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள வேற்றுமையைப் புள்ளியிடமிருந்து பிடுங்கி எழுத்தின் உருவத்திலேயே வைத்தார். எ-வும் ஏ-வும் இன்று தனித்தனி உருவங்கள். கொம்பின் சுழி மாறினால் குறில் நெடிலாகும். எளிதில் விடுபடும் குறியில் பொருளை ஏற்றாதே. ஏற்றியிருந்தால் வேறிடத்துக்கு மாற்று. இதுதான் அந்தச் சீர்திருத்தத்தின் பொறியியல்.

மூன்று வழிகள்

ஓர் எழுத்தை இரண்டு விதமாகப் படிக்கலாம் என்ற நிலை வந்தால், மொழி வகுப்பவருக்கு மூன்று வழிகள்தான். முதல் பொருளைப் பேசாமல் எடுத்துக்கொள். இரண்டாம் பொருளைப் பேசாமல் எடுத்துக்கொள். அல்லது, ‘எனக்குப் புரியவில்லை, தெளிவாகச் சொல்’ என்று நின்றுவிடு.

லேத் உலகில் முதல் இரண்டு வழிகளும் அக்கம்பக்கத்தில் வாழ்கின்றன. ஃபானுக் கருவியில் 3401 என்ற அமைப்பெண்ணின் ஒரு பிட்டை மாற்றினால் புள்ளியில்லாத 40-உம் 40 மில்லிமீட்டராகிவிடும். கால்குலேட்டர் முறை என்று அதற்குப் பெயர். ஜெர்மனியின் சீமென்ஸ் கருவி தன் சொந்த வழக்கில் 40-ஐ 40 மில்லிமீட்டராகத்தான் படிக்கும். ஒரே பட்டறையில் இரண்டு வகையும் இருந்தால் கேட்க வேண்டாம். அரைப்புள்ளியிலும் இந்தச் சங்கடம் உண்டு: ஃபானுக் திரையில் அரைப்புள்ளி என்றால் வரி முடிந்தது, சீமென்ஸில் அரைப்புள்ளிக்குப் பின் வருவதெல்லாம் மனிதர் படிக்கும் குறிப்பு, மெஷின் அதைச் சட்டை செய்யாது.

பொதுப் புரோகிராம் மொழிகளும் இதே பாதையில் தடுக்கி விழுந்திருக்கின்றன. 1957-இல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் இடைவெளிகளைக் கணக்கில் எடுக்காது. ஒன்று முதல் பத்து வரை திரும்பத் திரும்பச் செய் என்ற கட்டளையில் ஒன்றுக்கும் பத்துக்கும் நடுவே காற்புள்ளி வர வேண்டும். அங்கே கை தவறிப் புள்ளி வைத்தால் அது 1.10 என்ற எண்ணாகிவிடும். முன்னால் உள்ள கட்டளைச் சொற்கள் எல்லாம் இடைவெளி இல்லாமல் ஒட்டி ஒரு புதுப் பெயராகும். அந்தப் பெயருக்கு 1.10 என்ற மதிப்பு போய்ச் சேரும். பத்து முறை நடக்க வேண்டியது ஒருமுறை நடந்துவிட்டு நகரும். எச்சரிக்கை எதுவும் வராது.

பூஜ்யத்திலும் அதே கதை. 1972 வாக்கில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில் 10 என்றால் பத்து. அழகுக்காக முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்து 010 என்று எழுதினால் எட்டு. முன்பூஜ்யம் இருந்தால் அது எட்டை அடிப்படையாகக் கொண்ட எண் என்பது விதி. நாமோ வரிசை எண்களை 008, 009, 010 என்று ஒழுங்காக அடுக்கிப் பழகியவர்கள். சி-யைப் பின்பற்றிய மொழிகளில் இந்தப் பொறியும் கூடவே போயிற்று. பைத்தானிலும் இருந்தது. 2008 டிசம்பரில் பைத்தான் 3 வந்தபோது அதன் வடிவமைப்பாளர்கள் மூன்றாவது வழியை எடுத்தார்கள். 010 என்று எழுதினால் எட்டும் இல்லை, பத்தும் இல்லை, பிழை. எட்டை அடிப்படையாகக் கொண்ட எண் வேண்டுமென்றால் பூஜ்யத்துக்குப் பின் ஓ என்ற ஆங்கில எழுத்தையும் போடு. பழைய புரோகிராம்கள் சில உடைந்தன, புலம்பலும் எழுந்தது. ஆனால் உடைந்தவை ஓசையோடு உடைந்தன. எந்த வரியில் தப்பு என்று திரையில் வந்தது. மௌனமாகத் தப்பு விடை தரும் புரோகிராமைவிட, ஓடமாட்டேன் என்று நிற்கும் புரோகிராம் எவ்வளவோ மேல்.

மெஷின் திருப்பிச் சொல்லும்போது

உள்ளே போகும் எழுத்துக்கு இலக்கணம் இருப்பதுபோல, வெளியே வரும் எழுத்துக்கும் உண்டு. எத்தனை இலக்கம் காட்டுவது, புள்ளியை எங்கே வைப்பது, பூஜ்யத்தை விடுவதா வைப்பதா என்ற முடிவுகளை ‘வெளியீட்டு வடிவம்’ எனலாம். லேத்தின் உள்ளீட்டு இலக்கணம் செய்த பாவத்துக்கு அதன் வெளியீட்டு வடிவமே பரிகாரம்.

மெஷினில் இரண்டு திரைகள் உண்டு. புரோகிராம் திரை நீங்கள் தட்டியதை அப்படியே காட்டும். புள்ளி இல்லாத 40 அங்கே அப்பாவியாக 40 என்றே இருக்கும். இடம் காட்டும் திரை அப்படி அல்ல. தட்டியதை மெஷின் எப்படிப் புரிந்துகொண்டது என்பதை அது காட்டும், எப்போதும் புள்ளியோடு, புள்ளிக்குப் பின் மூன்று இலக்கத்தோடு. சரியாகப் புரிந்திருந்தால் 40.000. தப்பாகப் புரிந்திருந்தால் 0.040. பின்னால் உள்ள மூன்று பூஜ்யங்கள் கணக்குக்கு வேண்டாதவை, கண்ணுக்கு வேண்டியவை.

அனுபவமுள்ள செட்டர்கள் புது புரோகிராமை ஓட்டும்போது இதைத்தான் நம்புகிறார்கள். வரி வரியாக நின்று ஓடும் சிங்கிள் பிளாக்கில் போட்டு, ரேபிட் வேகத்தைக் குறைத்து, ஒரு கை நிறுத்தும் பொத்தானில் இருக்க, கண் ‘மீதித் தூரம்’ காட்டும் கட்டத்தில் இருக்கும். டூல் கம்பியின் வெளிவட்டத்துக்கு நேராக வந்துவிட்டது; இன்னும் ஒரு மில்லிமீட்டர்தான், விட்டக் கணக்கில் இரண்டு, இறங்க வேண்டும் என்று கண் சொல்கிறது. திரை, விட்டக் கணக்கில், 41.960 மீதி என்கிறது. விரல் அந்தக் கணமே பொத்தானை அழுத்தும். மெஷின் தான் புரிந்துகொண்டதைச் செயல்படுத்தி முடிக்கும் முன் திருப்பிச் சொன்னதால் தப்பித்தது.

கணினியில் வரைந்த உருவத்திலிருந்து ஜி-கோட் எழுதித்தரும் மென்பொருள்களில் ‘போஸ்ட்-பிராசசர்’ என்றொரு பகுதி உண்டு. எந்த மெஷினுக்கு எந்த வடிவில் எண்களை அச்சிடுவது என்பதை அதுதான் முடிவு செய்யும். நகரும் அளவு முழு எண்ணாக இருந்தாலும் கடைசியில் புள்ளி வை என்று அதில் ஒருமுறை அமைத்துவிட்டால், எந்தச் சோர்விலும் எந்த இரவு ஷிஃப்டிலும் புள்ளி விடுபடாது. புள்ளி வைத்த நாற்பதை ஃபானுக், சீமென்ஸ் இரண்டுமே நாற்பது மில்லிமீட்டராகவே படிக்கும் என்பதால் இந்த அமைப்பு இரண்டிலும் பாதுகாப்பானது.

ஒரே சாலையில் இரண்டு வழக்கம்

இந்தத் தொழில் வட்டாரத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த நிறுவனங்கள் உண்டு. ஜெர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்தவையும் உண்டு. முதல் இரண்டு நாடுகளும், நம்மைப் போல, பின்னத்துக்குப் புள்ளி வைப்பவை. மற்ற இரண்டும் காற்புள்ளி வைப்பவை. 12,500 என்று ஜெர்மானிய வழக்கில் எழுதினால் பன்னிரண்டரை. நம் கண்ணுக்கு அது பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. எடைகள், அளவுகளுக்கான சர்வதேசப் பொது மாநாடு 2003-இல் இதில் யார் பக்கமும் சாயவில்லை: பின்னத்துக்குப் புள்ளியும் செல்லும், காற்புள்ளியும் செல்லும், ஆனால் இலக்கங்களை மும்மூன்றாகப் பிரிக்க இரண்டையும் பயன்படுத்தாதே, இடைவெளி விடு என்றது. இரண்டு வேலைக்கு ஒரே குறி என்ற குழப்பத்தை அது இப்படி வெட்டிவிட்டது.

நம் லட்சமும் கோடியும் இந்த மும்மூன்று கணக்கில் அடங்காதவை. பைத்தான் 2016-இல் எண்களுக்கு நடுவே அடிக்கோடு போட அனுமதித்தது. 12_50_000 என்று நம் வழக்கப்படி பிரித்து எழுதினாலும் பன்னிரண்டரை லட்சம் என்று ஏற்றுக்கொள்ளும். அதே எண்ணைக் காற்புள்ளியோடு அச்சிடு என்று எளிய வழியில் கேட்டால் 1,250,000 என்றுதான் தரும். உள்ளே வரும்போது லட்சத்தை ஏற்கும் மொழி, வெளியே போகும்போது மில்லியனில் பேசுகிறது. வாசலுக்கு ஒரு விதி, புறவாசலுக்கு வேறொரு விதி.

குறிகளை அடியோடு பிடுங்கிவிடுவதும் ஒரு தீர்வு. எல்லா வண்டியின் சேசிஸிலும் பொறிக்கப்படும் 17 எழுத்து அடையாள எண்ணில் ஆங்கிலத்தின் ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே கூடாது என்பது உலக விதி. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பக்கூடிய எழுத்துகள் என்பதால் அகரவரிசையிலிருந்தே நீக்கிவிட்டார்கள். ஹூண்டாய் இந்தியாவில் செய்யும் கார்களில் எம்ஏஎல் என்று தொடங்கும் அந்த எண்ணை வெயிலில் குனிந்து படித்து எழுதுபவர் வட்டமாக எதைப் பார்த்தாலும் அது பூஜ்யம்தான், யோசிக்க வேண்டியதில்லை. அந்தக் காருக்குப் பாகம் கடையும் ஃபானுக் லேத்திலோ, புரோகிராமின் பெயர் வழக்கமாக ஓ என்ற எழுத்தில் தொடங்கி, பெரும்பாலும் பூஜ்யங்களோடு தொடரும்.

நல்ல இலக்கணம் எது

கணினி மொழிகளைப் பற்றிய சண்டைகள் பெரும்பாலும் அழகைப் பற்றியவை. அடைப்புக்குறி அழகா, இடைவெளி அழகா, சுருக்கம் அழகா என்று. லேத் பட்டறை நமக்குத் தரும் அளவுகோல் வேறு. அந்த மொழியில் மனிதக் கை எளிதில் விடக்கூடிய ஒரு குறியை எடுத்துவிடுங்கள். என்ன நடக்கிறது என்று பாருங்கள். பொருள் மாறாவிட்டால் அந்தக் குறி வெறும் அலங்காரம். மொழி மறுத்து நின்றால் குறி தன் வேலையைச் செய்கிறது. மறுக்காமல் வேறொரு பொருளோடு ஓடினால், விபத்து அங்கே நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதே சோதனையை வங்கிச் செயலியின் தொகைக் கட்டத்திலும், மருந்துச் சீட்டின் 0.5-இலும், அரசுப் படிவத்தின் தேதிக் கட்டத்திலும் செய்து பார்க்கலாம். தப்பு செய்யாத ஆபரேட்டரை எதிர்பார்த்து வகுத்த மொழிகளுக்கு நாம் ஐம்பது ஆண்டுகளாக இன்செர்ட்டுகளாகவும் இரவு ஷிஃப்ட்டுகளாகவும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். தப்பு நடக்கும் என்று ஒப்புக்கொண்டு, நடந்த இடத்திலேயே அதைக் காட்டிக்கொடுக்கும் மொழி கொஞ்சம் பிடிவாதமாகத்தான் இருக்கும். அந்தப் பிடிவாதத்தைக் குறை என்று நினைத்துத் திட்டியவர்கள், அடுத்தமுறை ஒரு பிழைச் செய்தி வரும்போது எந்த வரி என்று பார்த்துத் திருத்திவிட்டு மேலே போகலாம்.